ஐந்தடித் தொட்டியும் இருபது கப்பியும்

கேட்க வேண்டியதை வாய் திறந்து கேட்கத் தைரியம் இல்லாதவர்கள், கடைக்குப் போய் ஏதாவது ஒரு பொருளை வாங்கிவிடுவார்கள். நான் மீன் தொட்டி வாங்கினேன்.

எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். மாணவர்கள் என்னைக் கண்டால் நடுங்குவார்கள் என்று எழுத ஆசைதான். (நடுங்குவதில்லை. எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அதே பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு அது தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள்.) இந்த மீன் தொட்டி விவகாரம் நடந்தது எனக்குக் கல்யாணமான முதல் வருடத்தில்.

எங்கள் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள் போனதும் 'வேறு வைப்பார்கள்'. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்கிறார்கள். சோகப்பட ஒன்றுமே இல்லை. வீடு அதே வீடுதான், வாசலும் முற்றமும் அதேதான், அடுப்பு மட்டும் தனி. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, இன்று முதல் நீங்கள் தனிக் குடும்பம் என்று பெற்றவர்களே நல்ல நாள் பார்த்துச் சொல்வார்கள். அவர்களாகத்தான் சொல்ல வேண்டும். பிள்ளை தானாகப் போய்க் கேட்டால், மருமகள் முடுக்கிவிட்டாள் என்று மூன்று தெருவுக்குப் பேச்சுப் போகும்.

அண்ணனை ஆறாவது மாதத்திலேயே வேறு வைத்துவிட்டார்கள். எனக்கும் வள்ளிக்கும் எட்டு மாதம் ஆகியும் அப்பச்சி ஒன்றும் சொல்லவில்லை. (எங்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம்.) அப்பச்சிக்கு இரும்புக் கடை. ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுவார் என்று வைத்துக்கொண்டால், முப்பத்தைந்து கடையிலேயே செலவாகிவிடும். மீதி ஐந்தில் மூன்று 'ம்'.

வள்ளி கொத்தமங்கலத்துப் பெண். நன்றாகச் சமைப்பாள், அதுதான் சிக்கல். எட்டு மாதமாக ஆத்தாவின் அடுப்படியில் வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் குடிக்கும் காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதுகூட ஆத்தா கையில் இருந்தது. பொங்கலன்று எங்கள் வீட்டு முற்றத்தில் ஒவ்வொரு குடும்பமும் வரிசையாக அடுப்புப் போட்டுத் தன் தன் பானையில் பொங்கும். பானை இல்லாதவர்கள் பக்கத்தில் நின்று, பால் பொங்கும்போது சத்தம் போட வேண்டியதுதான். ஐப்பசி மாதம் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்த வள்ளி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"வர்ற பொங்கலுக்கு நான் எம் பானையில பொங்கணும். மாமாக்கிட்ட நீங்க பேசுறீகளா, நான் பேசவா?"

நானே பேசுகிறேன் என்றேன். மறுநாள் காலையில் அப்பச்சியின் எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பேப்பர் படிச்சாச்சா அப்பச்சி?" என்று கேட்டேன். பேப்பரைக் கொடுத்தார். இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் போனது. என் வாழ்க்கையில் உலகச் செய்திகளை நான் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தது அந்தக் காலத்தில்தான்.

கார்த்திகை பிறந்ததும் அப்பச்சிக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்து, சாயங்காலம் டிவியில் விவாதம் பார்ப்பதை நிறுத்தச் சொன்னார். பின்னே எதைப் பார்க்கிறது என்று அப்பச்சி கேட்டார். டாக்டர் தன் அறையில் இருந்த மீன் தொட்டியைக் காட்டி, இதைப் பாருங்கள், மனசு அமைதியாகும் என்றாராம். வீட்டுக்கு வந்ததும் அப்பச்சி என்னைக் கூப்பிட்டார். "நீ சயின்ஸ் வாத்தியார்தான. ஒரு மீன் தொட்டி பாரு" என்றார். என்னை நம்பி அவர் ஒப்படைத்த முதல் பெரிய காரியம் அது. (அதற்குப் பிறகு ஒப்படைக்கவில்லை.)

பெரிதாக ஒரே தொட்டி வாங்குவதா, சிறிதாக மூன்று தொட்டிகள் வாங்குவதா என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது.

வள்ளி யோசிக்கவே இல்லை. சின்னதாக மூன்று வாங்கச் சொன்னாள். முகப்பில் மாமாவுக்கு ஒன்று, அண்ணன் குடும்பத்துக்கு ஒன்று, எங்கள் அறை வாசலில் எங்களுக்கு ஒன்று. அவள் மீனைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கே விளங்கியது. எங்கள் அறை வாசலில் எங்களுக்கென்று ஒரு தொட்டி நின்றால் அப்பச்சி போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். பார்த்தால் யோசிப்பார். யோசித்தால், நான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும். இப்படி ஒரு ஏற்பாட்டைத்தான் நான் பிறந்ததிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆத்தாவுக்கும் விளங்கிவிட்டது. கறிவேப்பிலை உருவிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி, "ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி போதும். மூணு வச்சா பாக்குறவுக என்ன நினைப்பாக" என்றாள். அண்ணமிண்டி (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தனக்கு ஏஞ்சல் மீன் இருந்தால் போதும், தொட்டி எதுவானாலும் சரி என்று ஒதுங்கிக்கொண்டாள். வேறு வைக்கப்பட்டவர்களுக்கு வருகிற பெருந்தன்மை அது.

திருப்பத்தூர் சாலையில் யாசின் பாய் மீன் கடை வைத்திருந்தார். சார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், கிட்டத்தட்ட என் வயதுதான். நான் நான்கு சாயங்காலம் அவர் கடைக்குப் போய் ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டேன். முதல் நாள் பொறுமையாகவே விளக்கினார். பெரிய தொட்டியில் தண்ணீர் அதிகம், அதனால் சீக்கிரம் கெடாது, நம் ஊர் வெயிலுக்குச் சட்டென்று சூடேறாது, ஒரே மோட்டார் போதும். சின்னத் தொட்டிகளில் தண்ணீர் வேகமாகக் கெடும், மூன்றையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும். ஆனால் ஒன்றுக்கொன்று ஆகாத மீன்களைப் பிரித்து வைக்கலாம். ஒன்றில் நோய் வந்தால் மற்ற இரண்டும் தப்பிக்கும். நான்காவது நாள் பாய் தூண்டில் போட்டவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை எடுத்தாலும் சரிதான் சார். எந்தெந்த மீனை விடப் போறீகன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. தொட்டி அப்புறம்" என்றார்.

இந்த விவகாரத்தில் யாராவது எனக்குச் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம் அது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஆத்தா எல்லோருக்கும் நாலு நாலு வெள்ளைப் பணியாரம் வைத்தாள். எனக்கு மட்டும் ஆறு.  அன்று சாயங்காலம் நான் ஐந்தடி நீளத்தில் ஒரே தொட்டிக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

வள்ளிக்கு இதை அறிவியல் முறைப்படி விளக்கினேன். தண்ணீரின் கொள்ளளவு கூடக் கூட அம்மோனியாவின் செறிவு எப்படிக் குறைகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, புரிகிறதா என்றுகூடக் கேட்டேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலையில அயித்தை உங்களுக்கு எத்தனை பணியாரம் வச்சாக?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தொட்டிதான் ஒன்று, மீனாவது ஆளுக்கு ஒரு வகையாக இருக்கட்டுமே. அப்பச்சிக்குக் கம்பீரமான மீன் வேண்டும். அவருக்கு ஒரு ஆஸ்கர், உள்ளங்கை அகலம், கறுப்பில் ஆரஞ்சுத் தீற்றல், முகத்தில் இரும்புக் கடை முதலாளியின் களை. ஆத்தாவுக்கு மங்களகரமாக இரண்டு தங்கமீன். அண்ணமிண்டிக்கு ஏஞ்சல் ஒரு ஜோடி. வள்ளிக்குப் பிடித்தது கப்பி. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, வால் மட்டும் கலர் கலராக விசிறியிருக்கும். அதில் இருபது.

பட்டியலைப் படித்த யாசின் பாய் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதுகளை ஒண்ணா விடக் கூடாது சார். அது நாலு நாள்தான் சும்மா இருக்கும்" என்று ஆஸ்கரைக் காட்டினார். எங்கள் வீட்டில் எல்லோரும் அனுசரித்துப் போகிறவர்கள்தான் என்று நான் சொன்னேன். இதை நான் உண்மையிலேயே சொன்னேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவன், ஒரு மீன் கடையில் நின்று, சத்தமாகச் சொன்னான். பாய் பைகளில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

தொட்டியை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியிருக்கும் உள்கட்டில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தோம். தண்ணீர் ஊற்றி, மோட்டார் ஓடவிட்டு, பாய் சொன்ன கெடு முடிந்ததும் மீன்களை விட்டோம். (எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீரின் பெருமையைப் பற்றி ஊர்க்காரன் யாரிடமும் பேச்சை ஆரம்பித்துவிடாதீர்கள், நீங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விடும்.) அப்பச்சி கடையிலிருந்து வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டியின் எதிரில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் "இருவது" என்றார். கப்பிகளை எண்ணியிருக்கிறார். ஒரு இடத்தில் நிற்காத மீன்களை அவர் எப்படி எண்ணினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரும்புக் கடையில் ஆணி எண்ணிய பழக்கமாக இருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலையில் நான் எண்ணியபோது பதினான்கு இருந்தன. ஆஸ்கர் மூலையில், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆறு மீன் போனதை வள்ளி பார்த்தால், அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்பாள். அப்பச்சி பார்த்தால், ஒரு தொட்டி வாங்கத் தெரியவில்லையா என்று கேட்க மாட்டார், 'ம்' என்பார். அது இன்னும் மோசம். அன்று பள்ளி விட்டதும் நேராக யாசின் பாய் கடைக்குப் போய் ஆறு கப்பி வாங்கினேன். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் கண்ணில் படும். அதனால் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அதில் தண்ணீரோடு ஊற்றி மூடிக்கொண்டு வந்து, ஆத்தா கோயிலுக்குப் போன நேரத்தில் தொட்டியில் விட்டேன். சாயங்காலம் அப்பச்சி எண்ணினார். இருபது.

மறுநாள் நான்கு குறைந்தது. அதற்கு மறுநாள் ஏழு. பள்ளி உள்ள நாளெல்லாம் வாங்க ஆரம்பித்தேன். (ஞாயிற்றுக்கிழமை அப்பச்சிக்குக் கடையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.) மூன்றாவது நாளே யாசின் பாய் என்னைக் கண்டதும், "தீனிக்குத்தான சார்?" என்று கேட்டுவிட்டு, நல்ல வாலாகப் பார்க்காமல் கைக்கு வந்ததை வலையில் அள்ளிப் போட்டார். நான் மறுக்கவில்லை. பள்ளியில் மதிய இடைவேளையில் டப்பாவைப் பளபளவென்று தேய்த்துக் கழுவும் ஒரே ஆசிரியர் நான்தான். சுத்தத்துக்கு எடுத்துக்காட்டாகத் தலைமையாசிரியர் என்னைக் கூட்டத்தில் ஒரு முறை குறிப்பிட்டார்.

ஒரு நாள் கணக்குத் தப்பிவிட்டது. முதல் நாள் வயிறு நிறைந்திருந்த ஆஸ்கர் அன்று எதையும் தொடவில்லை. அது தெரியாமல் நான் வழக்கம்போல ஐந்தை விட்டுவிட்டேன். அப்பச்சி எண்ணிப் பார்த்து, மறுபடி எண்ணிப் பார்த்து, "இருவத்தஞ்சு" என்றார். முகத்தில் ஒரு மலர்ச்சி. ஆத்தாவைக் கூப்பிட்டு, குட்டி போட்டிருக்கிறது என்றார். அப்புறம்தான் அந்தப் பேச்சைப் பேசினார். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"பாத்தீகளா. ஒரே தொட்டி. பெருசும் இருக்கு, சிறுசும் இருக்கு. ஒண்ணு குறையலை, பெருகத்தான் செய்யுது. ஒத்துமையா ஒரே இடத்துல இருந்தா இப்படித்தான். நான்கூட தையில சின்னவனை வேறு வைக்கலாமான்னு நினைச்சேன். என்ன அவசரம், இருக்கட்டும்."

எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். வள்ளி என்னைப் பார்த்தாள்.  அவள் பானைக்கு எதிராக அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தொட்டி. அந்தச் சாட்சிக்கு நான்தான் தினமும் தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் கடைசியில் வள்ளி கண்டுபிடித்துவிட்டாள். அன்று நான் அவசரத்தில் டப்பாவைக் கழுவாமல் அடுப்படியில் போட்டுவிட்டேன். அவள் அதை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். மூடியின் உள்பக்கத்தில் நீல வாலோடு ஒரு கப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப மாமா சொல்ற ஒத்துமை நீங்கதானா?" என்றாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவும் அம்மாவும் பொங்கல் சீர் கொண்டு வருகிறார்கள். பானையோடு வருகிறார்கள். மகளுக்குத் தனி அடுப்பு வந்துவிடும் என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பானையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வைக்கக் கூடாது. அதற்கு முன்னால் மாமாவிடம் மீனைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வியாழன் காலை அப்பச்சி எதிரில் போய் நின்றேன். பேப்பரைக் கொடுத்தார். வெள்ளியும் கொடுத்தார். சனிக்கிழமை நான் போய் நிற்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். வளவில் பாய் விரித்துச் சீரைப் பரப்பினார்கள். அரிசி, வெல்லம், பழம், கரும்பு, இஞ்சிக் கொத்து, மஞ்சள் கொத்து. நடுவில் புது வெண்கலப் பானை, கழுத்தைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் வைத்து. ஆத்தா பானையைப் பார்த்தாள், பிறகு அப்பச்சியைப் பார்த்தாள். மாமியார் தன் மகளைப் பார்த்தார். நான் கரும்பைப் பார்த்தேன். பானை என்ன கேட்கிறது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்துக்கொண்டார்கள். கொத்தமங்கலத்திலிருந்து காரைக்குடிக்கு அப்படி ஒன்றும் பெரிய பயணம் இல்லை.

அப்பச்சி எழுந்து மாமனாரைத் தொட்டியிடம் அழைத்துக்கொண்டு போனார். பதில் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது. ஒரே தொட்டி, எல்லாம் ஒன்றாக இருக்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மாமனார் மரியாதைக்காரர். சீர்த் தட்டைப் பார்க்காமல், மகளைப் பார்க்காமல், "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டார். அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது எனக்குக் கேட்டது. வள்ளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

அன்று ஞாயிறு, பள்ளி இல்லை. வழக்கமாக உண்டான சனிக்கிழமைப் பள்ளியும் அந்த வாரம் இல்லை, கடை வியாபார மும்முரத்தில் அப்பச்சியும் அன்று எண்ணவில்லை. அதாவது இரண்டு நாளாக ஆஸ்கருக்குப் புதுத் தீனி இல்லை, மிஞ்சியிருந்த கப்பிகளும் அதன் வாய்க்கு எட்டாமல் உஷாராகிவிட்டன. இதை நான் யோசிக்கவில்லை. அது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையிலிருந்து கிளம்பி வந்து, ஆத்தாவின் தங்கமீன்களில் ஒன்றை வால் பக்கமாகப் பிடித்தது. முழுதாக விழுங்க முடியவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே. தங்கமீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆத்தா அலறினாள்.

நான் செய்தது இதுதான். வலையைத் தேடினேன், கிடைக்கவில்லை. திரும்பினேன். கைக்கு எட்டும் தூரத்தில், அகலமான வாயோடு, காலியாக, ஒரு பாத்திரம் இருந்தது. அதை எடுத்துத் தொட்டிக்குள் முக்கி, சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டையும் ஒரே வீச்சில் மொண்டேன். அந்த வேகத்தில் ஆஸ்கர் பிடியை விட்டது. தங்கமீன் பிழைத்தது. மொண்டதைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். காரியத்தை முடித்துவிட்ட பெருமை என் முகத்தில் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். தை முதல் நாள் பால் பொங்க வேண்டிய புதுப் பானையில், அப்பச்சியின் ஆஸ்கரும் ஆத்தாவின் தங்கமீனும் மூன்று கப்பிகளும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. பானைக் கழுத்தின் குங்குமம் தொட்டித் தண்ணீரில் கரைந்து சிவப்பாகப் பரவியது. ஆத்தா அதை மீனின் இரத்தம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டாள். செம்பு கலந்த பாத்திரம் மீனுக்கு ஆகாது என்பதும் அந்த நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வருடா வருடம் நான் நடத்துகிற பாடம்தான்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "முதப் பொங்கச் சீரு" என்று மட்டும் சொன்னார். மாமனார் எதற்கென்று தெரியாமல் "பரவால்ல மாப்பிள்ளை, பரவால்ல" என்று இரண்டு தடவை சொன்னார். அப்பச்சி ஆஸ்கரையும் கிழிந்த வாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வள்ளி தூணை விட்டு வந்தாள். எனக்காக அவளே சொன்னாள்.

"மாமா, அந்த இருவது மீனும் நீங்க முதல்ல எண்ணுன இருவது இல்லை. இது தினமும் திங்குது. இவுக தினமும் டப்பாவுல புதுசா வாங்கிட்டு வந்து விடுறாக."

அப்பச்சி என்னிடம் கேட்டார். "தினமுமா?"

"பள்ளிக்கூடம் உள்ள நாள்ல அப்பச்சி."

"அப்ப சாயங்காலம் சாயங்காலம் நான் எண்ணுனது?"

"தீனி அப்பச்சி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் 'ம்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டார். அப்போதுகூட நான் அம்மோனியாவில்தான் ஆரம்பித்தேன். வள்ளி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு எப்படி வந்ததோ தெரியாது, இரண்டு குடும்பத்துக்கும் முன்னால், சட்டையெல்லாம் மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட, வந்துவிட்டது. "எங்களை வேறு வையுங்க அப்பச்சி. அவ கேக்குறது நியாயம். நான்தான் கேக்கப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

ஆத்தா அதைக் காதில் வாங்காதவள் மாதிரி எழுந்தாள். அவள் கவலை பானை. கவிச்சி பட்ட பானை தன் வரிசையில் ஏறாது, சூரியனுக்கு வைக்கிற பொங்கல், புளி போட்டுத் தேய்த்தாலும் தன் மனசு ஒப்பாது என்று உறுதியாகச் சொன்னாள். அதில் தப்புச் சொல்ல முடியாது. மாமியார் கண் கலங்கியது. அந்தப் பானை திரும்பிப் போகத்தான் போகிறது என்று நான் நினைத்தேன்.

"உன் வரிசையில ஏத்த வேண்டாம்" என்றார் அப்பச்சி. "அதுக வரிசையில ஏறட்டும். அங்குட்டுத் தெக்கு ஓரத்துல ஒரு அடுப்புப் போட்டுக் குடு."

ஆத்தா அவரையே பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு மட்டும் சமைக்க இவளுக்குக் கை வராது" என்று ஆத்தாவைக் காட்டி மாமனாரிடம் சொன்னார். "பெரியவன் போனப்பவே நாலு நாள் சோறு மிஞ்சுச்சு. அதான் தள்ளித் தள்ளிப் போட்டேன். வேற ஒண்ணுமில்லை சம்பந்தி."

 அத்தனை நாள் பேப்பர் வாங்கிக்கொண்டு நின்றவன், அதை மடித்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த மனுஷர் இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருப்பார். அவரைச் சம்பந்தி முன்னால் சொல்ல வைத்துவிட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்றும் போகவில்லை.

பொங்கலன்று தெற்கு ஓரத்தில் வள்ளியின் பானை பொங்கியது. மூன்று நாள் புளியும் சாம்பலும் போட்டு அவள் தேய்த்த தேய்ப்பில் பானை கண்ணாடி மாதிரி இருந்தது. ஆத்தா தன் வரிசையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, வெல்லம் பத்தாது என்று சொல்லி ஒரு கை அள்ளிப் போட்டாள். வள்ளி அந்தப் பொங்கலைத் தூக்கலான இனிப்போடு முதலில் அவளுக்குத்தான் கொடுத்தாள். தை மாதக் கடைசியில் யாசின் பாயிடம் சின்னத் தொட்டிகள் மூன்று வாங்கினேன். ஐந்தடித் தொட்டியில் ஆஸ்கர் தனியாக ஆறு வருடம் இருந்தது. அப்பச்சி அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார். அதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. மனசு அமைதியாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னார்.

போன ஆவணியில் மானகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் அப்பச்சிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பெண்ணின் பெரியப்பா. அவர் தன் வீட்டைப் பற்றி இலை போட்டதிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒரே அடுப்பு, இத்தனை வருடத்தில் ஒரு சத்தம் வெளியே கேட்டதில்லை என்றார். அப்பச்சி பாயசம் வரும்வரை எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் அவர் பக்கம் சாய்ந்து, ரொம்ப அக்கறையாக, "உங்க வீட்டுல தினமும் யாரு மீனு வாங்கிட்டு வந்து விடுறது?" என்று கேட்டார்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் பெரிய மகன்தான் மார்க்கெட்டுக்குப் போவான் என்று பதில் சொன்னார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த வள்ளிக்குப் புரையேறிவிட்டது. ஆத்தா அவள் தலையைத் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். அப்பச்சி, "பாவம், பெரிய மகன்" என்று சொல்லிவிட்டு, என் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார்.